ஊரே கடலுக்குப் போன ஆகஸ்ட்

ஜூலை 28

நிவெஸ் தூங்கிவிட்டாள். இன்றும் பால் குறைவுதான். மகப்பேறு விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பியதிலிருந்தே இப்படி. அவளுக்குப் போதுமா?

நான் வேலை பார்க்கும் கழிவுநீர் நிலையத்தில் வாயுவுக்குக் குறையில்லை. டூரின் புறநகரின் கழிவுநீர் தொட்டியில் புளித்து எரிவாயு எழுகிறது. புதிதாக வந்திருக்கும் எரிபொருள் கலம் அதைக் கொளுத்தாமலே மின்சாரமாக்குகிறது. மிஞ்சும் சூடு தொட்டியைக் கதகதப்பாக வைக்கிறது. பழைய இன்ஜின் பக்கத்தில் நின்று பேசவே முடியாது. இதன் பக்கத்தில் என் மூச்சே எனக்குக் கேட்கிறது. அதுதான் பயம். நின்றுபோனாலும் காதுக்குத் தெரியாதே.

ஆகஸ்ட் 2

கடலோர வீட்டிலிருந்து அத்தை போன். "பதினஞ்சாம் தேதி விருந்துக்கு நீ வரலேன்னா உன் தட்டைப் பூனைக்கு வச்சிடுவேன், இலாரியா."

எப்படிப் போவது? ஆகஸ்ட் விடுமுறைக்கு ஊரே கடலுக்குக் கிளம்புகிறது, தெருவில் பாதி ஜன்னல்களைச் சாத்திவிட்டார்கள். நிலையத்தில் ஷிஃப்ட் பார்க்கும் எர்மான்னோ சிரிக்கிறார். "எல்லாரும் கடலுக்குப் போயிட்டா நம்ம தொட்டிக்கு யார் சோறு போடுறது, இன்ஜினியரம்மா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆள் குறைந்தால் கழிவுநீரும் குறையும், வாயுவும் குறையும். பழைய இன்ஜின் என்றால் நிறுத்திவிட்டு மறுநாள் ஓட்டலாம். கலத்தை அப்படி நிறுத்த முடியாது. உள்ளே பீங்கான் தகடுகள் செக்கச் சிவந்து கனல்கின்றன. வாயு தீர்ந்து திடீரென்று ஆறினால் விரிசல் விட்டுவிடும். இதற்கு இது முதல் ஆகஸ்ட்.

ஆகஸ்ட் 6

வாயு சேரும் பெரிய பலூன் தொய்ந்துவிட்டது. வருவதைவிடக் கலம் தின்பது அதிகம். பாதித் திறனுக்கு இறக்கலாம் என்று மேலாளரிடம் சொன்னேன்.

"பாதி ஓடவா இவ்வளவு பெரிசா வாங்கினோம்?"

"இன்ஜினைப் பாதியிலே ஓட்டினாத்தான் வாயு வீணாகும், சார். இது பாதியிலேயும் தின்னுற வாயுவுக்கு அதே கணக்குலேதான் கரண்ட் குடுக்கும்."

"தொட்டி ஆறிடாதா?"

"அடிக்கிற வெயிலுக்கு அதுக்குச் சூடே அதிகம் வேண்டாம்."

"சரி, செய்ங்க. ஏதாவது ஆச்சுன்னா நீங்கதான் பதில் சொல்லணும்."

வாயைத் திறந்திருக்க வேண்டாமோ? வீட்டில் துல்லியோ என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தானே பாத்திரம் கழுவப் போனான். நல்ல கணவன்.

ஆகஸ்ட் 8

காலையிலிருந்து சாயங்காலம்வரை கலத்தின் திறனைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினோம். எர்மான்னோ கலத்தின் பெட்டியில் காதை வைத்து, "இருக்காளா, போயிட்டாளா?" என்றார்.

"வெந்நீர்க் குழாயைத் தொட்டுப் பாருங்க."

தொட்டார். கையை உதறிக்கொண்டு, "இருக்கா" என்றார்.

ஆகஸ்ட் 10

பலூன் நேற்றைய உயரத்திலேயே நிற்கிறது. நம்பலாமா?

ஆகஸ்ட் 13

குழந்தை மருத்துவர் பாலைப் பற்றி அலட்டிக்கொள்ளவே இல்லை. "வர்றதைக் குடும்மா. மீதிக்குப் பழம் மசிச்சுக் குடு. எடை நல்லாத்தானே ஏறுது?" ஏறத்தான் செய்கிறது. நான் எதற்கு இப்படி—

நாளைக்குக் கிளம்பலாம் என்கிறான் துல்லியோ. எர்மான்னோவுக்குக் கடல் என்றாலே ஆகாது, அவர் ஊரில்தான் இருப்பார். நான் தயங்கியதும் கேட்டார்: "நீங்க பக்கத்துலே நின்னா வாயு கூட வருமா?"

பெட்டி கட்டியாயிற்று.

ஆகஸ்ட் 15

விருந்து. நடுவில் குளியலறைக்குப் போய் போனைப் பார்த்தேன். எர்மான்னோ படம் அனுப்பியிருந்தார்: பின்னால் தொய்யாத பலூன், முன்னால் அவர் கடித்த தர்ப்பூசணி.

திரும்பி வந்ததும் அத்தை போனைப் பிடுங்கி ரொட்டிக் கூடைக்குள் போட்டார். "அது அங்கேயே கிடக்கட்டும். நீ சாப்பிடு."

சாப்பிட்டேன், இரண்டாம் தடவையும் வாங்கி. நிவெஸ் மசித்த பீச் பழம் தின்றுவிட்டு, கொஞ்சம் பால் குடித்துவிட்டு, என் மேலேயே தூங்கிப்போனாள்.

செப்டம்பர் 1

ஊர் திரும்பிவிட்டது. காலையில் பலூன் புடைத்துக்கொண்டு நின்றது. கலத்தை மெல்ல முழுத் திறனுக்கு ஏற்றினோம். தகடுகளில் ஒன்றுக்கும் சேதமில்லை. மேலாளர் கணக்கைப் புரட்டிப் பார்த்தார். "அடுத்த ஆகஸ்ட்டும் இப்படியே ஓட்டுங்க." அவ்வளவுதான் சொன்னார்.

எங்கள் தெருவில் வண்டி நிறுத்த இடமே இல்லை. எங்கேயோ விட்டுவிட்டு நிவெஸை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தேன். எல்லா ஜன்னலும் திறந்திருந்தது. ஒரு வீட்டில் யாரோ குளிக்கிறார்கள், இன்னொன்றில் பாத்திரம் கழுவுகிறார்கள், மாடியில் கழிவறைத் தண்ணீர் இறங்குகிற சத்தம். வீடு வந்ததே தெரியவில்லை.