கொடுக்காத விளக்கெண்ணெய்

21-1-1968, ஞாயிறு
கொழுந்தனார் ஜெயராஜ் திட்டக்குடியிலிருந்து நாலு நீர்க்கோழி கொண்டுவந்தார். ஏரியில் அவரே துப்பாக்கியால் சுட்டது. அத்தை குழம்பு வைத்தார். கறிக்குள் ஈயக்குண்டு பல்லில் பட்டால் துப்பிவிட வேண்டும். என் மகன் அடைக்கலம் துப்பவில்லை.
"ரெண்டு முழுங்கிட்டேன் சித்தப்பா!"
"அப்ப இனி நீதாண்டா துப்பாக்கி. தும்முனா வெடிக்கும்!"
எல்லாரும் சிரித்தோம். நானும்தான்.

24-1
மூன்று நாளாகக் காலையில் அவன் வெளிக்குப் போனதைக் குச்சியால் கிளறிப் பார்க்கிறேன். குண்டைக் காணோம். "பி.ஏ. படிச்சவ பாக்குற வேலையப் பாரு" என்கிறார் அத்தை.

9-2
தொப்புளைச் சுற்றி வலி என்கிறான். இரண்டு முறை வாந்தி.
"பூச்சிதான். வெளக்கெண்ண ஊத்து, எல்லாம் போயிடும்." அத்தை கிண்ணத்தை நீட்டினார்.
கல்லூரி விடுதியில் என்னோடு இருந்த ராஜாம்பாளுக்கும் வயிற்றுவலிக்கு இதைத்தான் கொடுத்தார்கள். குடல்வால் வெடித்து மூன்றாம் நாள் போய்விட்டாள். பத்தொன்பது வயசு.
கிண்ணத்தைக் கொல்லைப்பக்கம் சாக்கடையில் கொட்டினேன்.
"குடிச்சானா?"
"குடிச்சிட்டான் அத்தை."
வெறும் பூச்சிதான் என்றால்? இறங்க வேண்டியதை நானே தடுத்துவிட்டேனா?

10-2, கடலூர், ஆஸ்பத்திரி வராந்தா
விடியும்போது வலி வலப்பக்கம் அடிவயிற்றுக்கு வந்துவிட்டது. கால்களை மடக்கியே கிடந்தான். உடம்பு கொதிச்சுது. பீங்கான் சூளை வேலை முடிந்து வந்த வீட்டுக்காரரிடம் வாசலிலேயே சொன்னேன் — கடலூர் போகணும், இப்பவே.
"வயித்துவலிக்கா?"
"ஆமாங்க."
கப், சாஸர் ஏற்றிய கம்பெனி லாரியில், வைக்கோல் மேல் அவனைக் கிடத்தினோம். அத்தையும் ஏறிக்கொண்டார்.
டாக்டர் அமுக்கிப் பார்த்துவிட்டு, "பேதிக்கு ஏதாவது குடுத்தீங்களா?" என்றார்.
"நேத்தே வெளக்கெண்ண குடுத்தாச்சுங்க" என்றார் அத்தை.
டாக்டர் முகம் மாறியது. சொல்லித்தானே ஆகணும்?
"இல்லைங்க டாக்டர். நான் குடுக்கல. கொட்டிட்டேன்."
அத்தை என்னைப் பார்த்தார். இவரும்.
உள்ளே கொண்டுபோய் ஒரு மணி நேரமாச்சு. கதவு திறக்கல. மாதாவே.

11-2
பிழைத்துக்கொண்டான். அறுத்தெடுத்த குடல்வாலுக்குள் ஐந்து குண்டு. ரெண்டு என்றல்லவா சொன்னான்!
"வெடிக்கிற நெலமையில இருந்துது. பேதிக்குக் குடுத்திருந்தா—" டாக்டர் கையை விரித்தார். அத்தை சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

18-2
அத்தை என்னோடு பேசுவதில்லை.

25-2, ஞாயிறு
வீடு. பூசை முடிந்து வந்த பக்கத்து வீட்டு லீமாவிடம் வேலியோரம் நின்று அத்தை சொல்லிக்கொண்டிருந்தார்:
"எம் மருமவ இருக்காளே, சரியான புளுகுணி. குடிச்சிட்டான் அத்தைன்னு மூஞ்சிக்கு நேரா சொல்றா! ஒன் வூட்டுப் புள்ளைக்கு வயித்துவலின்னா எண்ண கிண்ண ஊத்தித் தொலைக்காத. மொதல்ல அவளக் கேளு."