மேசைக்கு அடியில் ஒரு ஆங்கிலப் பாடம்

விவேக் நகர், பெங்களூர்
14.7.1997

அன்புள்ள அப்பாவுக்கு,

குணசுந்தரி வணக்கத்துடன் எழுதுவது. உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? அம்மா நேரத்துக்குச் சாப்பிடுகிறார்களா? நான் நலம்.

பள்ளியில் ஒரு வேடிக்கை. ‘இன்’, ‘ஆன்’, ‘அண்டர்’ எல்லாம் செய்து காட்டினால்தான் பிள்ளைகளுக்குப் புரியும் என்று நானே மேசைக்கு அடியில் நுழைந்துவிட்டேன். வெளியே வரப் பார்த்தால், புடவை ஆணியில் மாட்டிக்கொண்டது. என் வேலையை நிரந்தரமாக்கலாமா என்று பார்க்க, அந்த நேரம் பார்த்துத் தலைமையாசிரியை வந்தார்.

“எங்கே உங்க மிஸ்ஸு?”

ஒரு மாதமாக ஆங்கிலத்தில் வாயே திறக்காத பிள்ளைகள் ஒரே குரலில், “மிஸ் இஸ் அண்டர் த டேபிள், மேடம்!” என்றார்கள். எனக்கு உயிரே போய்விட்டது.

அவர் குனிந்து பார்த்தார். “ஏம்மா, வெளிய வரமாட்டியா?”

நான் பதில் சொல்வதற்குள் சங்கமித்ரா என்ற சிறுமி எழுந்து, “மிஸ்ஸோட புடவை இஸ் ஆன் த நெயில், மேடம்!” என்றாள்.

மேடம் சிரித்துச் சிரித்துத் தரையிலேயே உட்கார்ந்து, ஆணியிலிருந்து புடவையை விடுவித்தார். வேலை நிரந்தரம், அப்பா!

பருப்புப்பொடி கொஞ்சம் அனுப்புங்கள். ஞாயிறு காலை வீட்டுக்காரம்மா நம்பருக்குப் போன் செய்யுங்கள். விஷயம் ஒன்றும் இல்லாவிட்டாலும் செய்யுங்கள். மணி அடித்துவிட்டது, வகுப்புக்கு ஓடுகிறேன்.

உங்கள் மகள்,
குணா