என் பெயரில் போன லேத்

மார்ச் 3, செவ்வாய்

பெட்டி செய்யும் தச்சர் காலையில் வந்து, இரும்பு கடையும் லேத்தை அளந்தார். அளந்து முடித்துவிட்டு, "வீட்டுக்காரர் மெஷினா?" என்று கேட்டார். "என்னோடது" என்றேன். ஒரு நிமிஷம் என் கையைப் பார்த்தார். பிறகு மறுபடியும் முதலிலிருந்து அளந்தார்.

லேத்துக்குத் தனிப் பெட்டி. ட்ரில் மெஷினும் கிரைண்டரும் இன்னொன்றில். சூடு காட்டி முத்திரை குத்திய மரமாக இருந்தால்தான் அந்த நாட்டில் இறக்க விடுவார்களாம். மரத்துக்கு முத்திரை விழுந்துவிட்டது. எனக்குத்தான் இன்னும் விழவில்லை. விசா "நடந்துக்கிட்டு இருக்கு" என்கிறார் அவர்.

அவர் என்றால் என் கணவர். எழுதிப் பார்த்தால் யாரோ மூன்றாம் மனிதரைப் பற்றி எழுதுவது மாதிரி இருக்கிறது. நாற்பத்தொரு வயதில் கல்யாணம். ரிஜிஸ்தர் ஆபீசில் கையெழுத்து, ஹோட்டலில் சாப்பாடு, பதினைந்தாம் நாள் அவர் மட்டும் வேலை பார்க்கும் நாட்டுக்கு விமானம் ஏறிவிட்டார். என்ன தெரியும் எனக்கு அவரைப் பற்றி? மனைவி இறந்தவர். ஏதோ கம்பெனியில் ஃபிட்டர். டீக்கு சர்க்கரை வேண்டாம்.

மார்ச் 8

இன்று முழுக்கச் சுத்தம் செய்தேன். மண், தூசி, எண்ணெய் எதுவும் ஒட்டியிருக்கக் கூடாது என்று கப்பல் ஏஜெண்ட் சொல்லியிருக்கிறார். கியர் பாக்ஸ் எண்ணெயை வடித்தேன். மண்ணெண்ணெயும் பிரஷுமாகத் தரையில் உட்கார்ந்து பதினெட்டு வருஷத்து இரும்புத் தூளை இண்டு இடுக்கிலிருந்து நோண்டினேன். அண்ணி வாசலில் நின்று மூக்கைப் பொத்திக்கொண்டாள். "போற இடத்துலயாவது இந்த நாத்தம் இல்லாம இரு."

பெண் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் இப்படித்தான் பட்டறை வாசலோடு நின்றுகொண்டார்கள். "கல்யாணத்துக்கு அப்புறம் இதெல்லாம் விட்டுடுவாங்கல்ல?" என்று அண்ணனிடம் கேட்பார்கள், என்னைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு. இவர் ஒருவர்தான் நேரே உள்ளே வந்தார். லேத்தைத் தொட்டுப் பார்த்தார், இரும்பைக் கவ்விப் பிடிக்கும் 'சக்'கைக் கையால் சுற்றிப் பார்த்தார், எந்த வருஷத்து மெஷின் என்று கேட்டார். "அங்க வந்து எதுக்கு நீ சும்மா உக்காரணும்? இதையும் கொண்டு வந்துடு. என் வீட்டுக்குப் பின்னாடி பெரிய ஷெட் இருக்கு" என்றார்.

அந்தப் பேச்சுக்குத்தான் தலையாட்டினேன். வேறெதற்கும் இல்லை.

சாயங்காலம் போன் செய்தார். "கிரீஸ் நல்லாத் தடவினியா? கடல் காத்து பட்டா துரு ஏறிடும்." எவ்வளவு அக்கறை.

மார்ச் 24

பெட்டிகள் போயின. லேத் பெட்டி கேட் வழியாக வெளியே போகவில்லை. கேட்டைக் கழற்ற வேண்டியதாயிற்று. "இதை அப்புறம் யார் மாட்டுவா?" என்றாள் அண்ணி. நானே மாட்டினேன்.

ஏஜெண்ட் காகிதங்களில் கையெழுத்து வாங்கினார். "எல்லாம் உங்க பேர்லதான் போகுதும்மா. குடிபோறவங்க சொந்தச் சாமான்னாதான் வரி இல்ல. அங்க நீங்களே நேர்ல போய்க் கையெழுத்துப் போடணும், இல்லன்னா எழுதிக் கொடுத்து ஆள் அனுப்பணும்; அப்பத்தான் வெளிய விடுவாங்க." கப்பல் கூலி என் சேமிப்பில் போனது. பெரிதாகத் தோன்றவில்லை. என் பெயர் எழுதிய பெட்டி கடலில் போகிறது என்பது பிடித்திருந்தது.

மார்ச் 27

அண்ணன் பட்டறைக்குள் காரை நிறுத்தியிருக்கிறார். கச்சிதமாக இருக்கிறது. எப்போது அளந்து பார்த்தார்கள்?

ஏப்ரல் 15

பம்ப் ஷாஃப்ட்டைத் தூக்கிக்கொண்டு ஒருவர் வந்தார். உள்ளே கார் நிற்பதைப் பார்த்துவிட்டு, "கடைய மூடிட்டீங்களா?" என்றார். கடைவீதிப் பட்டறைக்கு அனுப்பினேன். அந்த முதலாளிக்குத் தெருவில் 'மைக்ரோமீட்டர்' என்று பெயர். ஆட்களுக்கு டீயைக்கூட அளந்துதான் வாங்கித் தருவார். இத்தனை வருஷம் எனக்குப் போட்டி. இப்போது நானே ஆள் அனுப்பிக்கொண்டிருக்கிறேன்.

கை சும்மா இருக்கிறது. சமையலறையில் அண்ணிக்கு உதவினால் நான் நறுக்கியது தடி தடியாக இருக்கிறதாம்.

மே 30

கப்பல் அங்கே போய்ச் சேர்ந்துவிட்டது. வாரத்துக்கு ஒரு முறை பேசுகிற மனிதர் இன்று மூன்று முறை கூப்பிட்டார். அதிகாரக் கடிதம் ஒன்றில் கையெழுத்துப் போட்டு அனுப்பச் சொல்கிறார், சாமானை அவரே எடுத்துவிடலாமாம்.

"நான்தான் வரப்போறேனே" என்றேன்.

"அதுக்குள்ள துறைமுக வாடகை ஏறிடும்."

நியாயமான பேச்சுதான். விசா எந்த அளவில் இருக்கிறது என்று கேட்டேன். நடந்துகொண்டு இருக்கிறது என்றார். டிசம்பரிலிருந்து நடக்கிறது. இவ்வளவு நேரத்தில் நானே நடந்து போயிருப்பேன்.

ஜூன் 4

விசா அலுவலகத்துக்குப் போனேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர் தட்டிப் பார்த்தார். "உங்க பேர்ல விண்ணப்பமே வரலையேம்மா."

திரும்பப் பார்க்கச் சொன்னேன். எழுத்துக்கூட்டிப் பெயர் சொன்னேன். பார்த்தார். "வேற பேர்ல ஏதாவது…?"

எனக்கு ஒரு பேர்தான்.

ஜூன் 5

கேட்டேன். முதலில் விசா ஏஜென்சி தப்பு என்றார் அவர். அப்புறம் அந்த அலுவலகத்தில் சரியாகப் பார்க்கத் தெரியாது என்றார். நான் பேசாமல் இருந்தேன். பேசாமல் இருந்தால் மனிதர்கள் தானாகக் கக்கிவிடுகிறார்கள்.

அவர் வேலை பார்த்த கம்பெனி மூடி எட்டு மாதம் ஆகிறது. கல்யாணத்துக்கு முன்னாலேயே. ஒரு கூட்டாளியோடு சேர்ந்து சொந்தப் பட்டறை போடப்போகிறார். "ஷெட் இருக்கு, ஆர்டர் இருக்கு. மெஷின்தான் இல்ல. இங்க அது என்ன விலை தெரியுமா? அது ஓட ஆரம்பிச்சதும் உன்னைக் கூப்பிட்டுக்கலாம்னுதான் இருந்தேன்."

"அப்ப முதல்ல அது. அப்புறம் நான்."

"ரெண்டும் ஒண்ணுதானே" என்றார்.

ரெண்டும் ஒண்ணா? இவன்— இவர்— என்ன மனுஷன். பொண்ணு பாக்க வந்தியா, மெஷின் பாக்க வந்தியா? சக்கைச் சுத்திப் பாத்தியே, அப்பவே தெரிஞ்சிருக்க வேணாமா எனக்கு. எந்த வருஷத்து மெஷின்னு கேட்டான். என் வயசைக் கேக்கல. அதைப் பெரிய மனசுன்னு நினைச்சேன்.

போதும். எழுதினால் இன்னும் எரிகிறது.

ஜூன் 11

அண்ணன் மாடிக்கு வந்தார். அவர் என் அறைக்கு வருவதே அபூர்வம். "புருஷன் கேக்கறார், ஒரு கையெழுத்து. இதுல என்ன வீம்பு? குடும்பம் முக்கியமா, இரும்பு முக்கியமா?"

"காரை வெளிய எடுங்கண்ணா. அப்புறம் பேசலாம்."

எழுந்து போய்விட்டார். கார் அங்கேயே நிற்கிறது.

ஜூன் 20

அவசர அவசரமாக விண்ணப்பம் போட்டிருக்கிறார். ரசீதைப் படம் எடுத்து அனுப்பினார். "இப்ப நம்பறியா?"

நம்புகிறேன். நான் நேரில் போனால்தான் பெட்டி வெளியே வரும் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. ஆறு மாதம் பெண்டாட்டிக்காக நகராத காகிதம் மெஷின் மாட்டிக்கொண்டதும் ஓடுகிறது. எனக்கு விசா வாங்கித் தரப்போவது என் லேத்.

ஜூலை 2

பெட்டிகளைத் திருப்பி வரவழைக்க முடியுமா என்று கப்பல் ஏஜெண்டிடம் கேட்டேன். தொகையைச் சொன்னார். அந்தப் பணத்துக்கு இங்கேயே இன்னொரு லேத் வாங்கிவிடலாம். அந்தப் பணமும் இல்லை. ரொம்ப நாள் யாரும் எடுக்காவிட்டால் துறைமுகமே ஏலம் விட்டுவிடுமாம். "கடிதம் கொடுத்துடுங்கம்மா. யாருக்கோ போறதுக்கு, வீட்டுக்காரருக்கே போகட்டுமே" என்றார். நல்ல மனிதர்தான். எல்லா நல்ல மனிதர்களும் ஒரே பக்கம் நிற்கிறார்கள்.

ஜூலை 14

கையெழுத்துப் போட்டால் என்ன? நிஜமாகவே கேட்டுப் பார்க்கிறேன்.

அவர் குடிக்கிறவர் இல்லை. கை ஓங்குகிறவர் இல்லை. வேலை போன மனிதர், பிழைக்க வழி தேடினார். பொய் சொன்னார்— சரி. யார்தான் சொல்லவில்லை. போட்டுக் கொடுத்தால் பட்டறை ஓடும், ஒரு வருஷத்தில் கூப்பிடுவார், நானும் போய்ச் சேர்வேன். அண்ணி என் அறையைத் துணி காயப்போட வைத்துக்கொள்வாள். எல்லோருக்கும் நிம்மதி.

ஆனால் கூப்பிடாவிட்டால்? அப்போது என் கையில் என்ன இருக்கும்?

அதுகூட இல்லை. அவர் நேரடியாகக் கேட்டிருக்கலாம். வேலை போச்சு, உன் மெஷினை நம்பி இருக்கேன், வா, சேர்ந்து ஓட்டலாம் என்று. அந்த ஒரு பேச்சுக்கு நான் லேத்தைத் தலையில் தூக்கிக்கொண்டு போயிருப்பேன். கேட்டால் கொடுத்திருப்பேன் என்று தெரிந்தும் கேட்காமல் எடுக்கப் பார்த்தார்.

போடமாட்டேன். ஏலம் போனால் போகட்டும்.

ஆகஸ்ட் 3

மைக்ரோமீட்டரிடம் வேலை கேட்டுப் போனேன். சொந்தமாகப் பட்டறை வைத்திருந்தவள், போட்டிக்காரர் வாசலில்.

அவர் கேலி செய்யவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது. "உங்க மெஷின் என்ன ஆச்சு?" என்று மட்டும் கேட்டார். "கல்யாணம் ஆகிப் போயிடுச்சு" என்றேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவருக்குப் புரிந்தது. சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் மூலையில் இருந்த பழைய லேத்தைக் காட்டினார். நாளையிலிருந்து வரச் சொன்னார்.

ஆகஸ்ட் 4

அடுத்தவர் மெஷின். கைப்பிடி எல்லாம் வேறு யாருடைய கைக்கோ தேய்ந்திருக்கிறது.

நவம்பர் 18

ஏஜெண்ட் போன் செய்தார். ஏலம் முடிந்ததாம். மூன்று மெஷினையும் யாரோ மொத்தமாக எடுத்துவிட்டார்களாம். "ரொம்பக் கம்மியாப் போயிருக்கும்மா" என்று வருத்தப்பட்டார்.

மதியம் சாப்பிட உட்கார்ந்தேன். சாப்பிடாமல் எழுந்து போய் ஒரு புஷ் வளையம் கடைந்தேன். சரியாக வந்தது.

டிசம்பர் 9

அவர் கூப்பிட்டார். ஐந்து மாதத்துக்குப் பிறகு. நலமா என்றெல்லாம் கேட்டுவிட்டு, "ஒரு சந்தேகம். கியர் பாக்ஸ்ல ஒரு மாதிரி உறுமுது" என்றார்.

எந்த கியர் பாக்ஸ் என்று கேட்கவில்லை. கேட்கத் தேவையில்லாமல் புரிந்துவிட்டது. ஏலத்தில் எடுத்தது அவர்தான். என் கையெழுத்தும் இல்லாமல், வரியைவிடக் குறைந்த விலைக்கு. எனக்காகக் காத்திருந்ததைவிடப் பொறுமையாக அதற்குக் காத்திருந்திருக்கிறார்.

"எண்ணெய் ஊத்தினீங்களா?" என்றேன்.

"அதுலயே இருக்கும்ல?" என்றார்.

"வடிச்சுத்தான் அனுப்பினேன். ஊத்தாம ஓட்டாதீங்க. நிறுத்துங்க." எந்த எண்ணெய், எந்தக் கோடு வரைக்கும் என்று சொன்னேன். மெஷின் என்ன பாவம் பண்ணியது.



ஜனவரி 22

விசா வந்துவிட்டது. யாரும் கேட்காதபோது வருகிறது. ஆறு மாதத்துக்குள் போய்ச் சேர வேண்டும் என்று போட்டிருக்கிறது. அண்ணி ஸ்வீட் வாங்கி வந்தாள். இந்த வீட்டுக்கு அவள் வந்த நாளிலிருந்து எனக்காக வாங்கிய முதல் ஸ்வீட்.

அவருக்கும் தகவல் போயிருக்கிறது. "எப்பக் கிளம்பற? ஆர்டர் குவிஞ்சு கிடக்கு. இங்க ஆள் கூலி கட்டுப்படி ஆகல. நீ வந்துட்டா ஆள் வைக்க வேண்டாம்."

"எனக்கு என்ன கூலி?" என்று கேட்டேன்.

சிரித்தார். நான் தமாஷ் பண்ணுகிறேன் என்று நினைத்துவிட்டார். பதிலுக்குக் காத்திருந்தேன். சிரித்து முடித்து, "டிக்கெட் போட்டுட்டுச் சொல்லு" என்றார். டிக்கெட்டும் நான்தான் வாங்க வேண்டும்.

ஏப்ரல் 2

விவாகரத்துக்காக வக்கீலைப் பார்த்தேன். சேர்ந்து வாழ்ந்தது எத்தனை நாள் என்று கேட்டார். சொன்னேன். பேனாவை மூடிவிட்டு, இன்னொரு முறை கேட்டார்.

மே 17

வீடு மாறினேன். பட்டறைக்கு இரண்டு தெரு தள்ளி ஓர் அறை. ஜன்னல் இல்லை, கதவு பெரியது. அண்ணன் பெட்டியைத் தூக்கி வந்து வைத்துவிட்டு வாசலில் நின்றார். "கோவமா?" என்றார். "வேலைக்கு நேரமாச்சுண்ணா" என்றேன்.

ஜூலை 22

விசா இன்றோடு முடிகிறது.

மைக்ரோமீட்டர் ஒருவழியாகப் புதுச் சக் வாங்கித் தந்தார். மூன்று மாதம் கேட்டு வாங்கியது. பெட்டியைப் பிரிக்கும்போது, "கீழ போட்டுடாதீங்க" என்று நாலு முறை சொன்னார். நானே மாட்டினேன். ஒரு தண்டைப் பிடித்து ஓட்டிப் பார்த்தேன். சுழலும்போது தண்டு ஆடுகிறதா என்று குனிந்து பக்கத்தில் போய்ப் பார்த்தேன்.

ஆட்டமில்லை.