அக்கா எடுத்துக்கொண்ட பழி

என் ருக்மணி அக்காவுக்கு,

எனக்கு மட்டும் அக்காவாக இருந்த ருக்மணிக்கு என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். அப்படி ஒரு காலம் இருந்தது உனக்கு ஞாபகம் இருக்கிறதா?

நீ போய் ஐந்து மாதம் ஆகிறது. மாரண்டஹள்ளியில் தக்காளி விலை ஏறி, மறுபடியும் இறங்கிவிட்டது. உன் ஸ்கூட்டியில் என் மருமகள் பாலக்கோடு போய் வருகிறாள். பிரேக்கே பிடிக்கவில்லை என்கிறாள். நீ இத்தனை நாள் எப்படித்தான் ஓட்டினாயோ.

எழுத வந்த விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு உன் மேல் பொறாமை. செத்துப்போனவள் மேல் யாராவது பொறாமைப்படுவார்களா? நான் படுகிறேன். பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்த கூட்டத்தில் "எங்க அக்கா" என்று சொல்லி அழாதவர்களே கிடையாது. கூடப் பிறந்த நான் பந்தியில் இலை போதுமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். "அக்கா பறை அடிச்சா ஷெட்டே அதிருமுங்க" என்றாள் உன்னோடு நாடகம் போட்ட காலனி மாதம்மா. உனக்குப் பறை அடிக்கத் தெரியும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். என்னிடம் ஏன் சொல்லவில்லை?

எல்லாம் அந்த ஷெட்டால் வந்த வினை. அப்பா எனக்குக் கொடுத்த நிலத்தில் பட்டுப்பூச்சி வளர்க்கக் கட்டியது. நாங்கள் பூச்சி வளர்ப்பதை விட்டதும், "சும்மாதான கெடக்குது, குடுடி" என்று கேட்டு வாங்கினாய். அதில் நாடகம் பழகினீர்கள், பறை பழகினீர்கள், சுவர் முழுக்கப் படம் வரைந்தீர்கள். ஊரும் காலனியும் ஒரே பாயில் உட்கார வேண்டும் என்றாய். படிக்கிற பெண்ணுக்குக் கல்யாணம் பேசினால் அந்த வீட்டு வாசலிலேயே போய் நடித்தீர்கள். ரிட்டயரான டீச்சருக்குப் பொழுது போகவில்லை என்று ஊரோடு சேர்ந்து நானும் சிரித்தேன். உள்ளுக்குள் வயிறு எரிந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆனால் என் வீட்டுக்குச் சாப்பிட வருவாயே, அதை நிறுத்தியது அந்த ஷெட்தானே?

அதனால் போன ஞாயிறு ஒரு பூட்டு வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு போனேன். திரும்பவும் பூச்சி வளர்க்கப் போகிறோம், காலி பண்ணுங்கள் என்று சொல்வதாகத் திட்டம். வீட்டுக்காரரிடமும் அதைத்தான் சொல்லியிருந்தேன். அவர் நம்பவில்லை.

உள்ளே ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. நீ போன பிறகு மாதம்மாதான் எல்லாம் பார்த்துக்கொள்கிறாள். "வாங்கம்மா, உக்காருங்க. முடிச்சிட்டுப் பேசலாமுங்க" என்றாள். உன்னை அக்கா என்றவள் என்னை அம்மா என்கிறாள். அதுவும் உறுத்தியது.

நீ எழுதி வைத்துவிட்டுப் போன நாடகம். களை எடுக்க வந்த பெண் வெயிலில் தண்ணீர் கேட்கிறாள். நிலத்துக்காரர் வீட்டுச் சின்னப் பெண் சொம்போடு வருகிறாள். கையை ஏந்தச் சொல்லி, சொம்பு பட்டுவிடாமல் உயரத் தூக்கி ஊற்றுகிறாள். பாதித் தண்ணீர் முழங்கையில் வழிந்து புடவையில் போகிறது. சின்னப் பெண் சிரிக்கிறாள்.

என்னால் உட்கார முடியவில்லை. அன்றைக்கு நம் நிலத்தில் கை ஏந்தியது மாதம்மாவின் அம்மா சின்னபாப்பா. சொம்பு நம் வீட்டுச் சொம்பு. சின்னப் பெண்ணாக நடித்தவள் முன்னால் வந்து, "இந்தச் சின்னப் பொண்ணு பேரு ருக்மணி" என்றாள்.

ருக்மணியா? நீ கிணற்று மேட்டில் நின்று "வேணாம்டி சாந்தி" என்று கத்தினாயே, அக்கா. ஊற்றியது நான். சிரித்ததும் நான்.

உன் ஷெட்டில் ஒரு சட்டம் உண்டல்லவா? நாடகத்தில் பொய் இருந்தால் பார்க்கிறவர் யாரானாலும் நிறுத்தச் சொல்லலாம். சொன்னவர் வந்து நடந்ததைக் காட்ட வேண்டும். சுவரில் உன் கையெழுத்தில்தான் இருக்கிறது.

நான் நிறுத்துங்க என்றேன். நல்ல மனசு வந்து சொன்னதாக நினைத்துவிடாதே. பறை உனக்கு, பாட்டு உனக்கு, ஊரே உனக்கு. நான் செய்த பாவத்தையும் நீயே எடுத்துக்கொண்டால் எனக்கு என்னதான் மிச்சம்? அந்த ஆத்திரத்தில்தான் எழுந்தேன்.

"அது அக்கா இல்ல. நாந்தான் ஊத்துனேன்."

மாதம்மா என் பக்கத்தில் வந்து நின்றாள். பிறகு, "தெரியுமுங்க. எங்கம்மா சொல்லியிருக்குது. அக்காவ நானே கேட்டேன். அவளா வந்து சொல்ற வரைக்கும் எம் பேரே இருக்கட்டும்னாங்க" என்றாள்.

நான் வருவேன் என்று எப்படி நம்பினாய்?

"செஞ்சு காட்டணுமுங்க. ஆனா இங்க, ஊத்துனவங்க கை ஏந்தணும்" என்று சொம்பை அவளே எடுத்தாள். ஏந்தினேன். அன்றைக்கு நான் தூக்கிய அதே உயரத்திலிருந்து ஊற்றினாள். முழங்கை நனைந்து ரவிக்கை நனைந்தது. ஒருத்தரும் சிரிக்கவில்லை. தாகம் இல்லாத எனக்கே அழுகை வந்தது. அந்த வெயிலில் சின்னபாப்பாவுக்கு எப்படி இருந்திருக்கும்?

இதை நான் வேறு எங்கே போய்ச் சொல்லியிருப்பேன், அக்கா? பாவம் போகும் என்று தீர்த்தமலைக் கோயிலுக்கு ஏறி எத்தனை தடவை தலை நனைத்தேன். அங்கே வாய் வரவில்லை. உன் ஷெட்டில் வந்தது.

பூட்டு பையிலேயே கிடக்கிறது. இனி அந்தக் கதவுக்கு என் கையால் பூட்டு விழாது. பொறாமை போய்விட்டதா என்று கேட்காதே, போகவில்லை. மாதம்மா இன்னும் என்னை அம்மா என்றுதான் கூப்பிடுகிறாள்.

வருகிற ஞாயிறு அந்த நாடகத்தை நம் வீட்டு வாசலில் போடச் சொல்லியிருக்கிறேன். சின்னபாப்பாவைக் கூட்டி வருகிறார்கள். அவருக்கு இப்போது கண் சரியாகத் தெரியாதாம், காது நன்றாகக் கேட்குமாம். தண்ணீர் ஊற்றுகிற அந்தச் சின்னப் பெண்ணின் பேர் சாந்தி என்று நானே சொல்கிறேன். ஊர் முழுக்கக் கேட்கிற மாதிரி சத்தமாகச் சொல்கிறேன்.

தண்ணீர் ஊற்றிய உன் தங்கச்சி,
சாந்தி