கண்டோசும் மனைவி புலம்பலும்

6.2.1986, வியாழன்

அவர் போய் இன்றைக்கு ஐந்தாம் நாள்.

எழுதக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. ஐந்தாம் வகுப்போடு நின்றவள் செத்த வீட்டுக்குள் இருந்து கொப்பியில் எழுதுவாள் என்று யாருக்குத் தோன்றும்? இது தோட்டத்துக் கொப்பி. பின்பக்கம் வாழைக்கு எருப் போட்ட திகதிகள், அவருடைய கோணல் எழுத்தில். முன்பக்கம் முழுக்க வெறுமை. அதை நான் எடுத்துக்கொண்டேன்.

எட்டாம் நாள் சடங்கு முடியும்வரை இந்த வீட்டில் அடுப்பு மூட்டக்கூடாதாம். அயலட்டைதான் சோறும் கோப்பியும் கொண்டுவருகிறது. ஐந்து நாளில் ஏழு வீட்டுக் கோப்பி குடித்துவிட்டேன்! இருபத்தேழு வருசமாக நீர்வேலியில் இருந்தும் எனக்கு இது தெரியாது: ஒவ்வொரு வீட்டுக் கோப்பியும் ஒவ்வொரு சாதி. சங்கக்கடைக்காரர் வீட்டில் மல்லியைத்தான் வறுக்கிறார்கள், கோப்பிக்கொட்டை பேருக்கு. வாத்தியார் வீட்டில் மிளகு தூக்கலாக, மூக்கில் ஏறும். பக்கத்து வீட்டுக் குணலட்சுமியின் கோப்பிதான் கோப்பி. கறுப்பு, கடும் கசப்பு, பிறகு மெதுவாக ஒரு பனங்கட்டி இனிப்பு.

இதை இவரிடம் போய்ச் சொல்லவேண்டும் என்று கதிரையை விட்டு எழும்பியும் விட்டேன்.

பிறகு இருந்துவிட்டேன்.

7.2.86

குணலட்சுமி இன்றைக்குச் சுக்கும் தட்டிப் போட்டிருக்கிறாள். அப்பனே முருகா, என்ன ருசி. இப்படி ருசிப்பது பாவமோ?

10.2.86, திங்கள்

எட்டு நேற்று முடிந்தது. சனம் குறைந்துவிட்டது. கொடியில் கிடந்த அவருடைய சட்டையைத் துவைக்க எடுத்தேன். பையில் ஏதோ கனம். ஒரு கண்டோஸ். உருகி, திரும்ப இறுகி, கடதாசியோடு ஒட்டி, சொக்லேட் என்றே சொல்ல ஏலாத ஒரு கோலத்தில்.

யாழ்ப்பாணம் பெரியகடைச் சந்தைக்கு வாழைக்குலை கொண்டுபோனால், திரும்பும்போது ஒரு கண்டோசும் வாசிகசாலைப் புத்தகம் ஒன்றும் கொண்டுவருவார். வெயிலில் உருகமுன் வீட்டுக்கு வரவேண்டும் என்று சைக்கிளை அப்படி மிதிப்பார். தேவராசாவுக்கு என்ன அவசரமோ என்று ஊர் சிரிக்கும். பெண்டுகள் வாசிகசாலைக்குப் போகும் வழக்கம் இங்கே இல்லை. அதனால் புத்தகம் எல்லாம் அவர் பேரில்தான். அங்கே அவருக்குப் பெரிய வாசகர் என்று பேர். அந்த மனிசன் பேப்பரில் தலைப்புக்கூட வாசியாது! நான் கோப்பியும் கண்டோசும் வைத்துக்கொண்டு உரத்து வாசிப்பேன். அவர் படுத்திருந்து கேட்பார். நிறுத்தினால் "பிறகு?" என்பார். பாதிநாள் அந்தப் "பிறகு" குறட்டையோடுதான் வரும்.

கதவைச் சாத்திவிட்டு அந்தக் கண்டோசைக் கடதாசியோடு நக்கித் தின்றேன். நாற்பத்தாறு வயதுப் பொம்பிளை. அழுதுகொண்டு தின்றேனா, சிரித்துக்கொண்டு தின்றேனா — தெரியேல்லை. ஒரு துண்டும் மிச்சம் வைக்கவில்லை.

16.2.86, ஞாயிறு

இன்றைக்கு நடந்ததை எப்படி எழுதுவது!

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்குக் கல்வெட்டு அச்சடிக்கவேண்டும் அல்லவா? செத்தவரைப் பற்றிய பாட்டுப் புத்தகம். அவருடைய தமையன் நமசிவாயம் அத்தான் தம்பிஐயாப் புலவரிடம் கொடுத்திருந்தார். புலவர் எழுதி முடித்துக்கொண்டு வந்து வாசித்தார். ஆண்கள் முற்றத்தில். நாங்கள் அறைக்குள்.

"நூற்கடலை நீந்திநின்ற தேவராசன்" என்று தொடங்கினார். எனக்கு அப்போதே வயிறு குலுங்கத் தொடங்கிவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். பிறகு "மனைவி புலம்பல்" வந்தது. அதுவும் புலவர்தான் எழுதுவார், பெண்சாதி சொல்லுவது மாதிரி.

"பெற்றெடுத்த மைந்தர் மூவர் பேதலித்து நிற்கையிலே
உற்றதுணை எனைவிட்டு உலகம் துறந்தீரோ!"

மூன்று மைந்தர்! எங்களுக்கு ஒரு பூனைகூட இல்லை. இவர் கேட்டிருந்தால் "எடி, மூண்டுபேரையும் எங்கை ஒளிச்சு வைச்சிருக்கிறாய்?" என்று கேட்டிருப்பார். அந்தக் குரல் அப்படியே காதில் கேட்டது. அவ்வளவுதான். முந்தானையை வாய்க்குள் திணித்தும் ஏலாமல் உடம்பு முழுக்கக் குலுங்கியது. குணலட்சுமி என் தோளைக் கட்டிப்பிடித்து, "அழுங்கோ அக்கா, அழுது தீருங்கோ" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். பிறகு அவளும் முந்தானையைத் தேடினாள்.

வெளியில் அத்தான் புலவரைப் பிடித்துவிட்டார். "என்ன ஐயா, ஆரின்ரை மூண்டு பெடியள்?"

"பிழை வந்திட்டுது, தம்பி. போன மாசம் கரவெட்டியிலை ஒருதருக்கு எழுதினது. அந்த அடியை மாத்திவிடுறன்."

நான் கதவடிக்கு வந்துவிட்டேன். எப்படி வந்தேன் என்று தெரியாது.

"மாத்த வேண்டாம் ஐயா. அந்தப் பக்கத்தை விடுங்கோ. என்ரை புலம்பலை நானே எழுதுறன்."

அத்தான் என்னைப் பார்த்த பார்வை! "உனக்குப் பாட்டுக் கட்டத் தெரியுமோ, பிள்ளை?"

"தெரியாது அத்தான். அவரோடை கதைக்கத் தெரியும்."

புலவர் ஏட்டை மடக்கிக்கொண்டு கோப்பியும் குடியாமல் போய்விட்டார்.

19.2.86

மூன்று நாளாக எழுதுகிறேன். எழுதுகிறேன், வெட்டுகிறேன், எழுதுகிறேன். ஒரு வசனம் சரியாக வந்து விழும்போது — இதை என்னவென்று சொல்ல? கண்டோசை நாக்கில் வைத்துக் கடிக்காமல் பொறுத்திருப்பது மாதிரி. நானே எழும்பி நடக்கிறேன். நானே வாசித்துக்கொள்கிறேன். இன்றைக்கு அடுப்பில் கோப்பி பொங்கி வழிந்து நெருப்பே அணைந்துவிட்டது.

புருசன் செத்து மூன்று கிழமை ஆகவில்லை. இப்படி ஒரு சந்தோசம் ஒருத்திக்கு வரலாமோ? வருகுதே, நான் என்ன செய்ய!

21.2.86, வெள்ளி

அத்தான் புலவரையும் கூட்டிக்கொண்டு வந்தார். என் தாளை வாங்கி அத்தான் நின்றபடியே வாசித்தார். வாசிக்க வாசிக்கக் கழுத்து சிவந்தது.

"என்ன உது? கோப்பியாம், கண்டோசாம். அவன் புத்தகமே வாசிக்கேல்லையாம். செத்தவனைக் குறைச்சு எழுதுறதோ? சனம் சிரிக்கும், பிள்ளை!"

"குறைச்சு எழுதேல்லை அத்தான். அவர் வாசிக்கேல்லை. எனக்காக எடுத்தவர்."

"அதை ஏன் ஊருக்குச் சொல்லவேணும்?"

அதற்கு மறுமொழியை இங்கேதான் எழுதுகிறேன். எனக்காக ஒரு மனிசன் பதினைந்து வருசம் வாசகனாக நடித்தான் என்பதை வேறு எங்கே சொல்ல? இதை விட்டால் கல்லில் வெட்டினது மாதிரி "நூற்கடலை நீந்தினவர்" என்றுதானே நிற்கும். அது யாரோ. மூன்று பெடியளின் தகப்பன். நான் இவரோடையெல்லோ இருந்தனான்!

புலவர் தாளை வாங்கி வாசித்தார். இரண்டுதரம் வாசித்தார். நான் வைத்த கோப்பியை இன்றைக்குக் குடித்தார்.

"பழைய புலம்பலே போகட்டும், பெடியளை எடுத்துவிட்டு" என்று அத்தான் முடிவு சொல்லிவிட்டார். கோட்டையிலிருந்து ஆமி அடிக்கிற ஷெல் சத்தம் ஓய்ந்த நாளாகப் பார்த்துப் புலவர் யாழ்ப்பாண ரவுணுக்குப் போய் அச்சகத்தில் கொடுப்பாராம்.

அவர்கள் போனபிறகு தாளைத் தேடினேன். காணவில்லை. அடுப்பில் போட்டார்களோ?

3.3.86

நாளைக்கு அந்தியேட்டி. கல்வெட்டுக் கட்டு வந்து சாமியறையில் இருக்கிறது. பிரித்துப் பார்க்க எனக்குத் துணிவு இல்லை.

5.3.86, புதன்

நேற்றுக் கீரிமலையில் கடமை முடித்து வந்து, பந்திக்கு முன் கல்வெட்டு வாசித்தார்கள். முற்றம் நிறையச் சனம். புலவர் தன் பாட்டு எல்லாவற்றையும் இராகத்தோடு பாடினார். நூற்கடலை நீந்தின இடத்தை மட்டும் காணவில்லை. "மனைவி புலம்பல்" என்றதும் நிறுத்தி, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். பாடவில்லை. பக்கத்தில் இருப்பவரோடு கதைக்கிற குரலில் வாசித்தார்.

"என்ரை ராசா, நீங்கள் ஒரு புத்தகமும் வாசிக்கவில்லை. உங்கள் பேரில் எடுத்ததெல்லாம் நான் வாசித்தது. இனி மறைக்க எனக்கு ஏலாது…"

என் தாள்! ஒரு எழுத்தும் மாறாமல் என் தாள்!

"…கண்டோஸ் உருகமுன் வரவேண்டும் என்று நீங்கள் சைக்கிள் ஓடினபோது ஊர் சிரித்தது. உருகினாலும் பரவாயில்லை என்று நான் ஒருநாளும் சொல்லவில்லை. நீங்கள் ஓடி வாறதைப் பார்க்க எனக்கு அவ்வளவு ஆசை…"

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். பிறகு இன்னொருவர். "பிறகு?" என்று கேட்டுக்கொண்டே குறட்டை விட்ட இடத்தில் முற்றமே சிரித்தது. அந்தியேட்டி வீட்டில்! வாசிகசாலைத் தலைவர் தலையில் கை வைத்துக்கொண்டு, "எட, நான் உந்தாளை நிர்வாகசபைக்கெல்லோ போடுவமெண்டு இருந்தனான்!" என்றார். அதற்கும் சிரிப்பு.

நான் அத்தானைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். சனம் சிரித்துவிட்டது. அவர் பயந்தது நடந்துவிட்டது. அவர் எழும்பிப் புலவரிடம் போனார்.

"ஆரைக் கேட்டு ஐயா உதைப் போட்டனீங்கள்?"

"அறுபது புலம்பல் எழுதியிருப்பன், தம்பி. ஒண்டுக்கும் ஒருதரும் காது குடுத்ததில்லை, பந்தி எப்ப வைக்கிறதெண்டுதான் பார்த்துக்கொண்டிருப்பினம். இண்டைக்குப் பாரும். ஆருக்கும் பசிக்கேல்லை."

அத்தான் சனத்தைத் திரும்பிப் பார்த்தார். சிரித்தவர்களே முகத்தைத் துடைத்துக்கொண்டு இருந்தார்கள். அவருடைய வாய் கோணியது. என்னிடம் வந்து, சின்னப் பிள்ளை மாதிரி சொன்னார்:

"எனக்கு அவன் ஒருநாளும் கண்டோஸ் வாங்கித் தரேல்லை, பிள்ளை."

சொல்லிவிட்டு அந்த மனிசன் தம்பிக்காக முதல்தரம் வாய்விட்டு அழுதது. நானும் அழுதேன். முப்பத்தொரு நாளில் நேற்றுத்தான் நன்றாக அழுதேன்.

18.5.86, ஞாயிறு

காலையில் தம்பிஐயாப் புலவர் வந்தார். கூடவே அவருடைய பெண்சாதி செல்வநாயகி அக்கா. கோப்பி வைத்துக் கொடுத்தேன். புலவர் தொண்டையைச் செருமினார், செருமினார், விசயம் வரவில்லை. கடைசியில் அக்காதான் சொன்னா.

"உவருக்கு எழுபத்தொண்டு, பிள்ளை. ஊரெல்லாருக்கும் பாடினவர். தனக்கு ஆர் எழுதுறதெண்டு ராத்திரியிலை நித்திரை இல்லை. என்ரை புலம்பலை உன்னட்டை எழுதுவிக்கட்டாம்."

"உயிரோடை இருக்கிற மனிசனுக்கோ!"

"நான் வாசிச்சுப் பார்க்கவேணும், பிள்ளை" என்றார் புலவர். "செத்தாப் பிறகு எப்பிடி வாசிக்கிறது?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்தத்தரம் முந்தானையைத் தேடவில்லை. கொப்பியை எடுத்தேன். "சொல்லுங்கோ அக்கா" என்றேன்.

"முதல் உவரை வெளியிலை போகச்சொல்லு" என்றா.

புலவர் வாழைக்குள் போய் நின்றார். நிமிசத்துக்கு ஒருதரம் யன்னலை எட்டிப் பார்த்தார். "என்னவாம், என்னவாம் சொல்லுறா?" எனக்கு எழுதவே நேரம் போதவில்லை.

வெயில் ஏறிவிட்டது. அக்கா இன்னும் சொல்லிக்கொண்டே இருக்கிறா. நாலு பக்கம் நிறைந்துவிட்டது. கதையில் அவர்களுக்கு இன்னும் கலியாணம் நடக்கவில்லை.