எட்டாவது இடத்தில் அக்கா

ஜூலை 8, செவ்வாய்

காலையிலேயே புழுக்கம். மழை வருகிற மாதிரி இருட்டிக் காட்டிவிட்டு திருநின்றவூர் பக்கம் போய்விட்டது. அமெரிக்கா பேஸ்பால் மேட்ச் பார்க்க விடியலில் எழுந்தேன். டேட்டா காலி. அக்காவிடம் ஹாட்ஸ்பாட் கேட்டால் தலையணை பறந்து வருகிறது.

செய்ய வேண்டியவை: ரெக்கார்டு நோட்டு. கேஸ் புக்கிங். ஸ்கோர் ஷீட் ஜெராக்ஸ்.

சாயங்காலம் கிரவுண்டில் பெரிய அநியாயம். ஞாயிற்றுக்கிழமை மேட்சுக்கு பி.டி. சார் பேட்டிங் வரிசையைப் படித்தார். என் அக்கா ஸ்டெல்லா எட்டாவது. எட்டு! போன வருஷம் முழுக்க மூன்றாவதாக இறங்கியவள். டீமிலேயே நன்றாக அடிக்கிற ஆள். சார் அடிப்படையில் கிரிக்கெட் ஆள். பெண்கள் பேஸ்பால் டீமுக்கு யாரும் கிடைக்காததால் இங்கே கோச். நான் அந்த டீமுக்கு ஸ்கோர் எழுதுகிறவன், அவ்வளவுதான். இருந்தாலும் கேட்டுவிட்டேன்.

"பின்னாடி ஒரு ஸ்ட்ராங்கான ஆளு வேணும்பா. ஃபினிஷரு. கடைசில நின்னு முடிச்சிக் குடுக்கணும்."

"சார், பேஸ்பால்ல கடைசின்னு ஒண்ணும் கெடையாது சார். ஒம்பதாவது ஆள் முடிச்சா திரும்ப மொதல் ஆள் வருவாங்க. சுத்திட்டே இருக்கும் சார்."

"தெரியும்பா. நீ ஷீட்ட எழுது."

எழுதினேன். பேனா முனை பேப்பரைக் கிழித்தது.

ஏழாவது மகேஷ். முழுப்பெயர் மகேஸ்வரி. பழைய பட்டாபிராம் ஊர்க்காரி, வீட்டில் மாடு உண்டு, பால் ஊற்றிவிட்டுத்தான் பிராக்டீஸுக்கு வருவாள். என் மூஞ்சியைப் பார்த்துவிட்டு:

"இன்னா கம்ப்யூட்டரு, காத்து போன டியூபாட்டம் கீற? உங்கக்கா எட்டு, நானு ஏழு. என் பக்கத்துல நிக்கிறது அவ்ளோ கேவலமா?"

கேவலம் இல்லை மகேஷ். ஆனால் ஞாயிறு மாவட்டத் தேர்வாளர்கள் பார்க்க வருகிறார்கள். அக்காவுக்கு காலேஜ் கடைசி வருஷம். மாவட்ட டீமில் ஆடினால் சர்டிபிகேட், அதை வைத்து ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் மேலே எதற்காவது முயற்சி பண்ணலாம். இல்லையென்றால் அம்மா ஏற்கனவே மண்ணூர்பேட்டையில் ஒரு கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் வேலைக்குச் சொல்லிவைத்தாயிற்று. பேட் பரண்மேல் ஏறிவிடும்.

இது எனக்குத் தெரியும். அம்மாவுக்குத் தெரியும். சாருக்கும் தெரியும். தெரிந்தே எட்டு!

ஜூலை 9, புதன்

கிளாஸ் போகவில்லை. வயிற்றுவலி என்று சொன்னேன்.

நானே எழுதின புரோகிராமை ஓட்டினேன். ஒரே டீம், ஒரே ஆட்கள், அக்காவை மட்டும் ஒவ்வொரு இடமாக மாற்றி மாற்றி. யூடியூபில் பார்த்துக் கற்றுக்கொண்டதுதான், ஆனாலும் ஓடுகிறது. கீழே போகப் போக அடிக்கிற வாய்ப்பு குறைகிறது. ஒரு மேட்சில் ஒரு தடவை குறையலாம். அந்த ஒரு தடவைதான் தேர்வாளர் நிமிர்ந்து பார்க்கிற தடவை என்றால்?

இன்னொன்று. பின்னால் யார் வருகிறார்கள் என்பதும் முக்கியம். மூன்றாவது என்றால் அக்காவுக்குப் பின்னால் கேப்டன் பவித்ரா. எட்டாத தூரத்தில் போட்டு அக்காவை ஒதுக்கினால் பவித்ரா பிளந்துவிடுவாள், அதனால் பந்து போடுகிற பிட்சர் அக்காவுக்கு நேராகப் போட்டே தீரவேண்டும். எட்டாவது என்றால் பின்னால் யாமினி. யாமினி புதுசு. பந்து வந்தால் கண்ணை மூடிக்கொள்கிறாள். நான் பிட்சராக இருந்தால் அக்காவுக்கு ஒரு பந்துகூட ஒழுங்காகப் போடமாட்டேன்.

இதை ஆன்லைன் பேஸ்பால் ரசிகர் குரூப்பில் போட்டேன். ஒருத்தன், பின்னால் யார் வந்தாலும் வித்தியாசமே இல்லை, அதெல்லாம் கட்டுக்கதை என்று பதில். நான் நீளமாக எழுதினேன். அவன் சிரிக்கிற பொம்மை போட்டான். பிளாக்.

மதியம் புளிசாதம். அப்பளம் இல்லை.

ஜூலை 10, வியாழன்

அக்கா வாசல்படியில் உட்கார்ந்து பேட் கைப்பிடிக்கு டேப் சுற்றிக்கொண்டிருந்தாள். புரோகிராம் போட்டுக்கொடுத்த கிராஃப் படத்தை போனில் காட்டினேன். டேப்பைப் பல்லால் கடித்தபடியே பார்த்தாள்.

"இந்தக் கோடு என்னாது?"

"நீ."

"ஏன் கீழ போவுது?"

"அதத்தான்க்கா சொல்றேன். எட்டாவதா எறங்குனா இப்படித்தான் போவும். சார்கிட்ட நீயே கேளு, மூணாவது குடுங்கன்னு."

"மாட்டேன்."

"ஏன்?"

"எனக்கு எட்டு புடிச்சிருக்கு."

மண்டை சூடாகிவிட்டது. யாருக்காவது எட்டு பிடிக்குமா?

"மூணாவதுன்னா கிளவுஸ் மாட்டறதுக்குள்ள கூப்டுறாங்கடா. பந்து போடற பொண்ணு எப்டி போடறா, எங்க வுடறா, ஒண்ணும் பாத்திருக்க மாட்டேன். பயமா இருக்கும். எட்டாவதுன்னா உக்காந்து நல்லா பாத்துட்டுப் போறேன். பிராக்டீஸ் மேட்ச்ல பின்னாடி எறங்குனா அடிக்கிறேன்ல? நீயே எழுதுனியே?"

அடிக்கிறாள்தான். ஆனால் நாலு பிராக்டீஸ் மேட்சை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது என்றேன். எண்ணிக்கை போதாது என்றேன். பயம் எல்லாம் கணக்கில் வராது என்றும் சொல்லிவிட்டேன். அதைச் சொல்லியிருக்க வேண்டாம்.

"அப்ப உன் புரோகிராமையே போய் ஆடச் சொல்லு."

உள்ளே போய்விட்டாள். டேப் உருண்டை மட்டும் படியில்.

ஜூலை 11, வெள்ளி

மழை. பிராக்டீஸ் இல்லை. டிரெயின் லேட். சென்ட்ரல் வண்டியில் பக்கத்து ஆள் போனில்: "சார், ஆவடி தாண்டிட்டேன் சார்." வண்டி ஆவடிக்கு முந்தின இந்து காலேஜ் ஸ்டேஷன்கூட வரவில்லை.

அக்கா பேசவில்லை. உப்பு கேட்டால் அம்மா வழியாக வருகிறது.

ஜூலை 12, சனி

நானே போய்விட்டேன். அம்பத்தூர் ஓ.டி.யில் பி.டி. சார் டீ குடிக்கிற கடை தெரியும். பஜ்ஜியோடு இருந்தார். போனை நீட்டினேன். படத்தை ஒழுங்காகப் பார்க்கக்கூட இல்லை.

"இப்ப இன்னாபா பண்ணணும்ன்ற?"

"மூணாவது சார்."

"வரிசைய குடுத்தாச்சுபா. பொண்ணுங்க மனசுல ஏறிப்போச்சு. இப்ப மாத்துனா கொழம்பிடும்." எண்ணெயைத் துடைத்துக்கொண்டார். "ஒண்ணு பண்ணலாம். மேட்ச் எப்டிப் போதுன்னு பாப்போம். தேவப்பட்டா நடுவுல உங்கக்காவ மேல எறக்கிடலாம். போதுமா?"

போதும் சார்! பாதி வெற்றி. எனக்கும் ஒரு பஜ்ஜி வாங்கிக்கொடுத்தார். மிளகாய் பஜ்ஜி. நல்ல மனுஷன்.

ஜூலை 13, ஞாயிறு

எழுதவே பிடிக்கவில்லை. எழுதாவிட்டால் மண்டை வெடித்துவிடும்.

அம்மா கண்டிப்பு, சர்ச்சில் முதல் பூசை பார்த்துவிட்டுத்தான் கிளம்பவேண்டும். அக்கா யூனிஃபார்ம் மேலேயே சுடிதார் போட்டுக்கொண்டு கோயிலுக்கு. சாமியார் பிரசங்கத்தை இழுத்தார். ஆவடி கிரவுண்டுக்கு ஓடிப்போய்ச் சேர்ந்தபோது வெயில் ஏறிவிட்டது. எதிரணி ஐயப்பன்தாங்கல். பந்தலுக்குக் கீழே தேர்வாளர்கள் இரண்டு பேர், மோர் குடித்துக்கொண்டு.

அக்கா முதல் தடவை: நல்ல அடி, நேராக ஆள் கையில். அவுட். இரண்டாவது: முதல் பேஸ் வரை போனாள், பின்னாலேயே யாமினி அவுட், வேஸ்ட்.

கடைசி இன்னிங்ஸ். நாங்கள் ஒரு ரன் பின்னால். ஒரு அவுட். இரண்டாவது பேஸில் ஒருத்தி, மூன்றாவதில் ஒருத்தி. ஒரு நல்ல அடி விழுந்தால் இரண்டு பேரும் வந்துவிடுவார்கள், ஜெயித்துவிடலாம். அடுத்து ஏழாவது, மகேஷ். அதுவரை பந்தைத் தொடவே இல்லை அவள்.

நான் பெஞ்சு மேல் ஏறி நின்று கத்தினேன். "சார்! அக்காவ அனுப்புங்க சார்! இப்பதான் சார்!"

சார் ஒரு நொடி யோசித்தார். "மகேசு, நீ உக்காரு. ஸ்டெல்லா, போம்மா."

"என் டர்ன் இல்லையே சார்?"

"சார் சொல்றாருல்ல, போ மாமே," என்று மகேஷே ஹெல்மெட்டைக் கழற்றி அக்கா தலையில் வைத்தாள். தப்பித்தோம் என்கிற சந்தோஷம் அவளுக்கு.

இரண்டாவது பந்து. டங் என்று ஒரு சத்தம். இடது பக்கம் வேலி வரை உருண்டது. இரண்டு பேரும் ஓடி ஹோம் பேஸுக்கு வந்து சேர்ந்தார்கள், இரண்டு ரன். ஜெயித்துவிட்டோம். பி.டி. சார் குதித்தார். யாமினி அழுதாள். பந்தலில் தேர்வாளர் மோர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார். நான் பார்த்தேன். எழுந்து நின்றார்! ஷீட்டில் எழுதி, பக்கத்தில் நட்சத்திரம் போட்டேன்.

எதிரணி கோச் ஒரு அம்மா. அவசரமே இல்லாமல் நடந்து அம்பயரிடம் போனார். இரண்டு பேரும் வரிசை எழுதிய சீட்டைப் பார்த்தார்கள். அம்பயர் எங்கள் பெஞ்சுக்கு வந்தார்.

"ஏழாவது யாரு?"

மகேஷ் கை தூக்கினாள்.

"நீ அவுட்."

"சார், நான் பெஞ்சுல குந்தினு கீறேன். நான் எப்டி சார் அவுட்டு?"

கிரிக்கெட்டில் யாரை வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் இறக்கலாம். இங்கே கூடாது, அம்பயர் சொல்லித்தான் தெரிந்தது. கொடுத்த வரிசை கொடுத்ததுதான். மாறி இறங்கி அடித்தால், எதிரணி கேட்டால், இறங்கவேண்டிய ஆள் அவுட். அடித்த அடி செல்லாது. ஓடி வந்த இரண்டு பேரும் திரும்பப் போய் அவரவர் பேஸில் நிற்கவேண்டும்.

"கிரிக்கெட்ல பண்ணுவோமே சார்," என்று பி.டி. சார். அம்பயர் சீட்டை மடித்துப் பையில் வைத்தார். என் பக்கம் திரும்பி, "தம்பி, அந்த ஹிட்ட அழிச்சிடு."

பேனாவில் எழுதியிருந்தேன். நட்சத்திரம் வேறு. அடித்து அடித்து அந்தக் கட்டம் கறுப்பாகிவிட்டது.

இப்போது இரண்டு அவுட், மூன்றானால் ஆட்டம் முடிந்தது. ஏழாவது முடிந்தது, அடுத்தது எட்டாவது. அதாவது மறுபடி அக்கா. தண்ணீர் பாட்டிலை மூடிக்கூட முடிக்கவில்லை, அம்பயர் கூப்பிட்டுவிட்டார். போனாள். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

அந்தப் பிட்சர் பொண்ணு முட்டாள் இல்லை. இப்போதுதான் வேலி வரை வாங்கியிருக்கிறாள். பின்னால் யாமினி என்றும் தெரியும். நாலு பந்தும் எட்டாத தூரத்தில். நாலு பந்து விலகிப் போனால் அடிக்காமலே முதல் பேஸுக்குப் போகலாம். அக்கா ஒன்றுக்கும் பேட்டை வீசவில்லை. பேட்டைக் கீழே வைத்துவிட்டு நடந்தாள்.

யாமினி. கண்ணை மூடினாள். முடிந்தது.

தோற்றுவிட்டோம். திரும்புகிற பஸ்ஸில் மகேஷ் மட்டும் புலம்பிக்கொண்டே வந்தாள். "பேட்டத் தொடாம அவுட்டானவ உலகத்துலயே நான் ஒருத்திதான். எங்க நைனா கேட்டா இன்னா சொல்லுவேன்?" ஒருத்தரும் சிரிக்கவில்லை.

ஜூலை 14, திங்கள்

வெயில். தலைவலி.

ரூல் புக்கை இன்றைக்குத்தான் முதல் தடவை திறந்தேன். தெளிவாகப் போட்டிருக்கிறது. எத்தனை மேட்ச் பார்த்திருக்கிறேன், எத்தனை வீடியோ, எத்தனை சண்டை. இது தெரியாமல் போய்விட்டது. நான் பார்க்கிற மேட்சில் யாரும் இந்தத் தப்பைச் செய்வதில்லை. செய்யாததை எப்படிப் பார்ப்பது?

பி.டி. சார் போன் பண்ணினார். "உங்கக்கா சாப்ட்டாளாபா?" வேறு ஒன்றும் கேட்கவில்லை. வைத்துவிட்டார்.

இன்னொன்று உறுத்திக்கொண்டே இருக்கிறது. வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால்? மகேஷ் அவுட்டாகி இருந்தால்கூட அடுத்தது அக்காதான். அந்தப் பிட்சர் பொண்ணு அதுவரை அக்காவுக்கு நேராகத்தான் போட்டுக்கொண்டிருந்தாள். வேலி அடி வாங்கினதால்தான் பயந்தாள். வாங்கவைத்தது நான்.

ஆனால் பின்னால் பவித்ரா நின்றிருந்தால் ஒதுக்கியிருக்க முடியாது. ஆக, நான் புதன்கிழமை சொன்னது சரி. இதை அக்காவிடம் சொல்லலாம் என்று போனேன். பாதி வாக்கியத்தில் ஈரத் துண்டு மூஞ்சியில் விழுந்தது.

அம்மா அந்தக் கம்பெனிக்கு போன் பண்ணிக்கொண்டிருந்தார். "ஆமா சார், டேலி தெரியும் சார்."

ஜூலை 15, செவ்வாய்

காலையில் தூறல். ரெக்கார்டு நோட்டு இன்னும் முடிக்கவில்லை.

மத்தியானம் டீம் குரூப்பில் மாவட்டத் தேர்வுப் பட்டியல். மேலிருந்து கீழே இரண்டு தடவை பார்த்தேன். பவித்ரா இருக்கிறாள். அக்கா இல்லை. மூன்றாவது தடவை அடியில், ரிசர்வ் என்று போட்டு இரண்டு பெயர். இரண்டாவது ஸ்டெல்லா. கேம்புக்கு வரவேண்டும், அங்கே பார்த்துத்தான் இறுதி முடிவு. யாராவது விலகினாலோ சொதப்பினாலோ உள்ளே. இல்லையென்றால் சர்டிபிகேட் கிடையாது.

ரிசர்வா! வேலி வரை அடித்தவள் ரிசர்வா! தேர்வாளருக்கு எழுத ஆரம்பித்தேன். எழுந்து நின்றீர்களே சார், நான் பார்த்தேனே என்று. அக்கா பின்னால் நின்று படித்திருக்கிறாள். போனைப் பிடுங்கி அத்தனையும் அழித்தாள்.

வியாழனுக்கு அப்புறம் இன்றைக்குத்தான் என்னிடம் நேராகப் பேசினாள்.

"சனிக்கெழம திருவள்ளூர்ல கேம்ப். அம்மாகிட்ட சொல்லிட்டேன். கம்பெனிக்கு அடுத்த மாசம்தான்."

"நானும் வரேன்க்கா. ஸ்கோர் எழுதறேன். அங்க எந்த எடத்துல எறக்குவாங்கன்னு—"

"நீ வராத."

"அக்கா..."

"எட்டோ, பத்தோ, பெஞ்சோ. எங்க வெச்சாலும் நான் பாத்துக்கறேன். நீ அங்க இருந்தா எனக்குப் பந்து தெரியாது, நீதான் தெரிவ."

சொல்ல நிறைய இருந்தது. பத்தாவது என்று ஒரு இடமே கிடையாது, அதைக்கூடச் சொல்லவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து ரூமிலிருந்து அக்கா குரல். சனிக்கிழமை பை கனமாக இருக்குமாம். ஸ்டேஷன் படிக்கட்டு வரைக்கும் தூக்கிக்கொண்டு வரலாமாம். பிளாட்பாரத்துக்கு வரக்கூடாதாம்.