நளீபாவின் தலைமாட்டுப் பூவரசு

அன்பின் சுபைதா,

படைத்தவன் உனக்கு அமைதி தரட்டும். புத்தளத்தில் நீயும் பிள்ளைகளும் சுகமா? எழுதப்போவது:

1. என் சுகம்
2. நம் நளீபாவின் கப்று
3. அது அவளுடையதுதான் என்பதற்குக் காரணங்கள்
4. எனக்குத் தேவையானவை

முழங்கால் நோவைத் தவிர நான் சுகம். டியூட்டரியில் அளவையியல் படிக்க ஏழெட்டுப் பேர் வருகிறார்கள்.

தொண்ணூறில் நம்மை யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேற்றுவதற்கு முன்பு நம் குழந்தையை அடக்கிய கப்றை நேற்று இங்கே மையவாடியில் கண்டேன். அடையாளத்துக்கு நட்ட மீசான் கட்டை இல்லை. ஆனால் மதிலிலிருந்து அதே தூரம். தலைமாட்டில் நான் ஊன்றிய பூவரசங்கம்பு மரமாகி நிற்கிறது. அங்கே நின்று யாசீன் ஓதினேன். நீ வந்து பார்க்கலாம்.

வரும்போது மாசிச் சம்பல் கொண்டு வா. சின்னப் போத்தல் போதும், தனியே சாப்பிட்டு முடிவதில்லை.

இவ்வளவும் எழுதிய பின், மையவாடியைப் பராமரிக்கும் லாபிர் காக்காவிடம் இதைச் சந்தோஷமாகச் சொன்னேன்.

"சேர், உந்தப் பூவரசு நாங்கள் திரும்பி வந்தாப்பிறகு நான் நட்டது. மதிலும் புதுசு."

பிறகு அவரே, "ஓதினது எங்கை சேர வேணுமெண்டு அல்லாஹ்வுக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியாட்டி என்ன?" என்றார்.

"அவள்டை உம்மாவுக்கு நான் என்னத்தைச் சொல்லுறது, காக்கா?"

அவரைப் போல நம்ப எனக்கு வரவில்லை. அவரை மறுக்கவும் என்னிடம் காரணம் இல்லை.

தபாலுக்கு நேரமாகிறது. என் பேச்சை நம்பி பஸ் ஏறாதே. சம்பலை யாரிடமாவது கொடுத்துவிடு. மூன்றாவதாக எழுதியது பிழை, சுபைதா.

ஜுனைதீன்